ஏற்றத்தில் இழுக்காத வண்டி

1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு மாநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. பட்டறைகளில் அதற்கு ‘கன்வெர்ட்டர்’ என்று பெயர். நாமும் அப்படியே அழைப்போம்.

அந்த ஆண்டு ஜூலையில், மெட்ராஸில் புதிதாக வாங்கிய மாருதி 800இல் ஒரு குடும்பம் குற்றாலத்துக்குக் கிளம்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். சீசன் நேரம். தென்காசி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். டேங்கில் முப்பது லிட்டர்கூடக் கொள்ளாது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறையாவது வழியில் பெட்ரோல் போட்டே ஆகவேண்டும். ஈயமில்லாப் பெட்ரோலோ அப்போதுதான் மாநகரங்களில் அறிமுகமாகியிருந்தது. நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியது 2000 பிப்ரவரியில். இடைப்பட்ட ஊர்களின் பெரும்பாலான பங்க்குகளில் கிடைத்தது டெட்ரா எத்தில் ஈயம் கலந்த பெட்ரோல்தான். அந்த ஈயம் எரிந்து புகையோடு கன்வெர்ட்டருக்குள் போய், அங்கே பூசியிருக்கும் பிளாட்டினத்தின் மேல் படியும். படிந்த இடம் அதோடு செத்தது. இப்படிச் சில டேங்க் போட்டால் போதும், கன்வெர்ட்டர் வெறும் இரும்பு டப்பா. கூத்து என்னவென்றால், ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. பிக்கப் குறையாது, மைலேஜ் குறையாது, சத்தம் மாறாது. சுற்றுச்சூழலுக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய உறுப்பு, மலைக்காற்று வாங்கப் போன வழியில் பாழாகிப்போனதை அவர் அறியாமலேயே அடுத்த சீசனுக்கும் வந்திருப்பார்.

இந்த உறுப்பு கெடும் விதம் அன்றும் இன்றும் ஒன்றுதான். கன்வெர்ட்டர் தானாகப் பழுதாவது அபூர்வம். இன்ஜினிலிருந்தோ பெட்ரோலிலிருந்தோ வரக்கூடாத ஒன்று வந்து அதைக் கெடுக்கிறது. பழி மட்டும் அதன் தலையில் விழுகிறது.

ஈயத்தின் கதை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கச்சா எண்ணெயை வினையூக்கிகளால் உடைத்துப் பெட்ரோல் எடுக்கும் முறையை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் யூஜீன் ஹூட்ரி, பிற்காலத்தில் அமெரிக்காவில் இருந்தபடி கார் புகையைச் சுத்தம் செய்யும் கருவியில் இறங்கி, 1956இல் காப்புரிமையும் பெற்றார். கருவி வேலை செய்தது. அன்றைய பெட்ரோல் அதை வாழவிடவில்லை. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வந்து, அதன் நெருக்கடியில் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்த பிறகு, 1975 மாடல் கார்களில்தான் கன்வெர்ட்டர் பரவலாக இடம்பிடித்தது. ஹூட்ரி 1962லேயே காலமாகிவிட்டார்.

இனி டப்பாவைத் திறப்போம். உள்ளே கார்டியரைட் என்ற பீங்கான் கட்டி. குற்றாலத்தில் பேரருவிக்கும் செண்பகாதேவிக்கும் மேலே, பாறை இடுக்குகளில் தேன்கூடுகள் தொங்குவதால் பெயர் பெற்ற தேனருவி இருக்கிறது. அந்தத் தேனடையின் அறைகளைப் போலத்தான் இந்தக் கட்டியும், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நெடுகத் துளைபட்டிருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் நானூறு துளைகள் சாதாரணம். துளைச் சுவர்களின் மேல் அலுமினா பூச்சு. அது கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் நுண்துளைகளும் கொண்டது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கன்வெர்ட்டரில் அந்தப் பரப்பை விரித்துப் போட முடிந்தால் இரண்டரை ஏக்கர் தேறும். அதன் மேல் தூவியதுபோலப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். எல்லாம் சேர்ந்து சில கிராம்.

வேலை மூன்று. கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக்குவது, எரியாத பெட்ரோலை எரித்து முடிப்பது, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக்குவது. முதல் இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூன்றாவதில் ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த வேலைகளை ஒரே டப்பாவுக்குள் நடத்தும் வழியை 1970களின் தொடக்கத்தில் எங்கல்ஹார்ட் நிறுவனத்தில் ஜான் மூனியும் கார்ல் கீத்தும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். கன்வெர்ட்டரால் புவி வெப்பமாதல் குறையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெளியே போவது கார்பன் டை ஆக்சைடுதான். இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் சற்று மிஞ்சினால் கொஞ்சம் அமோனியாவையும் இதுவே உண்டாக்கும். இது செய்வதெல்லாம் உடனடி நஞ்சுகளை நிறுத்துவது. அதைச் சூடான நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செய்கிறது.

‘சூடான நிலையில்’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரும்வரை கன்வெர்ட்டர் சும்மா கிடக்கும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்; பேரருவியிலிருந்து ஐந்தருவி இன்னும் நான்கைந்து. சாரலில் நனைந்து குளிர்ந்து நிற்கும் வண்டியை எடுத்து, இலஞ்சி விலக்கு தாண்டும் முன் நெரிசலில் நின்று, ஊர்ந்து, மறுபடி நிறுத்துகிறோம். புதிய கார்களில் கன்வெர்ட்டரை இன்ஜினை ஒட்டியே வைத்திருப்பதால் சீக்கிரம் சூடேறும். அடித்தளத்துக்குக் கீழே கன்வெர்ட்டர் தொங்கும் பழைய வண்டிகளில் இப்படிப்பட்ட குட்டிப் பயணத்தின் கணிசமான பகுதி சுத்திகரிப்பே இல்லாமல் முடியும்.

சீசனில் பலரைப் பதற வைக்கும் இன்னொன்று, காலையில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளைப் புகையும் சொட்டும் தண்ணீரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வெயில் நாட்களில் ஆவியாய்ப் போவது, குளிர்ந்த குழாயில் துளியாகிறது. நோய் எதுவுமில்லை. ஆனால் இந்தத் துளி சூடான ஆக்சிஜன் சென்சார் மீது தெறித்தால் அதன் பீங்கான் விரிசல் விடும். அதனால்தான் பல கார்களில் குழாய் காய்ந்திருக்கும் என்று கணக்கிட்ட பிறகே கம்ப்யூட்டர் அந்தச் சென்சாருக்கு முழுச் சூடு கொடுக்கிறது.

அந்தச் சென்சாரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கன்வெர்ட்டரை விடவும் அழகான சாதனம் அதுதான் என்பது என் கட்சி.

பெட்ரோல் மிச்சம்மீதி இல்லாமல் எரிய, ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கலவை தடிக்கும். கார்பன் மோனாக்சைடு கூடும். காற்று மிஞ்சினால் கலவை மெலியும். நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிக்க முடியாது. மூன்று வேலையும் ஒருசேர நடக்க, கலவை அந்த விகிதத்தை விட்டு ஒரு சதவீதம்கூட விலகக்கூடாது. பழைய கார்புரேட்டரால் இந்தத் துல்லியம் ஆகாத காரியம். புகையைச் சுவைத்துப் பார்த்துச் சொல்ல ஒரு நாக்கு தேவைப்பட்டது.

அதற்கான பொருள் ஏற்கெனவே இருந்தது. இட்ரியம் கலந்த ஜிர்கோனியா பீங்கானைச் சூடாக்கினால் மின்சாரம் கடத்தும் என்று கண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வால்தர் நெர்ன்ஸ்ட் அதை வைத்து விளக்கே செய்தார். அந்தப் பீங்கானுக்குள் நகர்வது ஆக்சிஜன் அயனிகள். ஒருபக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை என்று வைத்தால், இரண்டு பக்கமும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். பாஷ் நிறுவனம் இதைக் கார் சென்சாராக்க, 1976இல் கலிபோர்னியாவுக்கான வோல்வோ கார்களில் அது வந்தது. கட்டைவிரல் அளவு. சுமார் 300 டிகிரிக்கு மேல்தான் வாய் திறக்கும். கலவை தடித்திருந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டி, மெலிந்திருந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டி. கம்ப்யூட்டர் இதைப் படித்து இன்ஜெக்டரைச் சற்றுக் கூட்டும், சற்றுக் குறைக்கும். நல்ல நிலையில் இந்த ஊசலாட்டம் நொடிக்கு ஒருமுறையாவது நடந்துகொண்டே இருக்கும். மிஞ்சும் ஆக்சிஜனைச் சேர்த்துவைத்துப் பற்றாக்குறையின்போது விடுவிக்க, கன்வெர்ட்டர் பூச்சில் சீரியம் ஆக்சைடு இருக்கிறது.

இப்போது எத்தனால் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் தேவையான காற்றின் விகிதம் பதின்மூன்றரைக்கு அருகே இறங்கும். அந்த எண் சென்சாருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். புகையில் ஆக்சிஜன் மிச்சமா என்று மட்டும் அது சொல்லும். கணக்கு தானாகச் சரியாகும்.

இந்தியாவில் பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதிகளின் நான்காம் கட்டம்) காலத்தின் நடுவிலிருந்து கார்களில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சாரும் வந்தது. முன்னது இன்ஜினுக்கு வழிகாட்டி. பின்னது கன்வெர்ட்டருக்குக் கண்காணி. கன்வெர்ட்டர் வேலை செய்தால் முன்சென்சார் குதிக்கும்போது பின்சென்சார் அமைதியாக இருக்கும். இரண்டும் ஒத்துக் குதித்தால் நடுவில் இருப்பது தூங்குகிறது என்று பொருள். மஞ்சள் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0420 என்று வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பைக்குகளிலும் ஆக்சிஜன் சென்சார் வழக்கமாகிவிட்டது.

கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்ட வண்டி சமதளத்தில் காட்டிக்கொடுக்காது. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிவரை நன்றாகவே வரும். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில், கல் லாரி ஒன்றின் பின்னால் இரண்டாவது கியரில் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். ஏற்றம் ஒன்றும் நீளமில்லை. ஆனால் ஆள் நிறைய, ஏசி ஓட, இன்ஜின் முழுக் காற்றையும் இழுத்துத் தள்ள வேண்டிய இடம் அது. வெளியே போக வழியில்லாத புகை உள்ளேயே தேங்கி, புதுக்காற்றுக்கு இடம் விடாது. மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறாது. சீசனிலும் ஐயப்ப மாதங்களிலும் கோட்டைவாசல் நோக்கிப் போகும் வண்டிகளில் சில இப்படி ஓரமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிளட்ச் தேய்மானம், பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் ஊகிக்காமல் அளக்க வேண்டும். முன்சென்சாரைக் கழற்றிய துளையில் பிரஷர் கேஜை மாட்டி 2500 ஆர்பிஎம்மில் பார்க்க வேண்டும்; மூன்று பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு நிச்சயம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

எதனால் அடைத்தது என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வியும் அதுதான். ஒரு ஸ்பார்க் பிளக்கோ காயிலோ செத்திருக்கும். அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே பற்றும். பீங்கான் 1,450 டிகிரியை ஒட்டி உருகக்கூடியது. உருகினால் துளைகள் மூடிக்கொள்ளும். வண்டி உதறுகிறது, மஞ்சள் விளக்கு மின்னுகிறது என்றால் அதன் பொருள் இதுதான். மின்னாமல் நிலையாக எரியும் விளக்குடன் பட்டறைவரை ஓட்டலாம். மின்னும் விளக்குடன் ஓட்டினால் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கன்வெர்ட்டரின் விலையில் கழியும். இன்னொன்று ஆயில். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிந்தால், அதிலுள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் பழைய ஈயத்தின் வேலையைச் செய்யும். கேஸ்கட்டில் கண்டபடி அப்பிய சிலிக்கான் பசை சென்சாரைக் குருடாக்கும். எலி கடித்த ஒயரைச் சொல்லவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக்கிடமிருந்து அந்த யோசனை வரும். “அண்ணாச்சி, புதுசு போட்டா அம்பதாயிரம் அறுவதாயிரம் ஆகும். உள்ள இருக்கத தட்டி எடுத்துட்டு டப்பாவ மட்டும் பத்த வச்சுத் தாரேன். வண்டி பறக்கும் பாருங்க.”

அடைத்த கன்வெர்ட்டரை எடுத்தால் வண்டி பறக்கத்தான் செய்யும். மூக்கைப் பொத்திய கையை எடுத்தால் மூச்சு வரத்தானே செய்யும்? நல்ல கன்வெர்ட்டரை எடுப்பதால் சாதாரணக் குடும்பக் காரில் உணரக்கூடிய பலம் எதுவும் கூடாது. பின்னால் வரப்போவதைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. அடைப்பை உண்டாக்கிய பழுது அப்படியே இருக்கிறது. ஆயில் தொடர்ந்து எரிகிறது, காயில் தொடர்ந்து தவறுகிறது. இதுவரை காட்டிக்கொடுத்த உறுப்புதான் இப்போது இல்லை.

அடுத்து வெல்டிங். வெட்டி ஒட்டிய இணைப்பில், முன்சென்சாருக்கு அருகே ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் போதும். புகை துடிப்புத் துடிப்பாகப் போவதால் இடையிடையே வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டதாகச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஓட்டை அடைபடாதவரை சென்சார் மறுபடி அதையே சொல்லும். கம்ப்யூட்டரும் மறுபடி கூட்டும். மைலேஜ் விழுகிறது, பிளக் கரி பிடிக்கிறது, சைலன்சர் வாய் கறுக்கிறது. உரிமையாளர் திரும்பி வந்தால் ‘சென்சார் போச்சு’ என்று நல்ல சென்சாரை மாற்றுவார்கள். மாற்றியும் தீராது. சென்சார் ஒயரையே பிடுங்கிவிட்டால் கம்ப்யூட்டர் புகையைப் பார்க்காமல், உள்ளே பதிந்துவைத்த கணக்கின்படி பெட்ரோலைத் தள்ளும். அதுவும் மைலேஜுக்குக் கேடுதான்.

பின்சென்சாரை ஏமாற்ற, அதைக் குழாயை விட்டுச் சற்று வெளியே தள்ளி மாட்டும் ஒரு நட்டு விற்கிறது. புகை அதற்கு மங்கலாகத்தான் எட்டும். கன்வெர்ட்டர் நலமாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பும். சாப்ட்வேரிலேயே அந்தச் சோதனையை அணைத்துத் தருபவர்களும் உண்டு. கேரளத்துக்கு எம்-சாண்ட் ஏற்றிப்போகும் பிஎஸ்-6 டீசல் லாரிகளின் தொழில்நுட்பம் வேறு. அங்கே நைட்ரஜன் ஆக்சைடைப் பிரிப்பது யூரியாக் கரைசல். அதை ஊற்றாமலே ஊற்றியதாகக் காட்டும் பொட்டிகளும் சந்தையில் உண்டு. மூன்றுமே ஒரே குணம்.

எடுத்த பீங்கான் எங்கே போகிறது? அதைக் கேட்கும் உரிமையாளர் குறைவு. 2021இன் முதல் பாதியில் ரோடியம் அவுன்ஸுக்கு 29,000 டாலரை நெருங்கியது. அன்றைய தங்க விலையைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். அதை ஒட்டிய ஆண்டுகளில் குஜராத், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சர்கள் இரவோடிரவாகக் காணாமல் போயின. அந்த வண்டியில் கன்வெர்ட்டர் கைக்கு எட்டும்படி தொங்குகிறது. திருடர்கள் உள்ளிருக்கும் ‘மண்ணை’ எடுத்து விற்றார்கள். உங்களிடம் கூலி வாங்கிக்கொண்டு கன்வெர்ட்டரைத் தட்டி எடுப்பவர், தரையில் கொட்டியதைக் கவனமாகக் கூட்டி அள்ளுகிறாரா என்று பாருங்கள்.

வெளியே போகும் காற்றுக்கு வருவோம். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சுத்தம் செய்த ஒன்றை எடுத்தால், அந்த ஒரு வண்டி பத்து வண்டிக்குமேல் நஞ்சைக் கக்குகிறது. கணக்கு அவ்வளவுதான். குற்றாலத்தின் காற்று இதனால் நாசமாகிவிட்டது என்று நான் எழுதப்போவதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே சீசன் முழுக்க அடிக்கும் காற்று இந்த வட்டாரத்துக்கு வாய்த்த கொடை. புகை தேங்கி நிற்காது. பிரச்சினை, அந்தக் காற்று வந்து கலைக்கும் முன் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிச் சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் துண்டும் எண்ணெய்த் தலையுமாக நடக்கும் குழந்தைகளின் மூக்கு, சைலன்சர் மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சத்தத்துக்காகக் கன்வெர்ட்டருள்ள சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் மாட்டிய பைக்குகளும் அதே வரிசையில்தான்.

இதைவிட நேரடியான ஆபத்து ஒன்று உண்டு. சீசனில் அறை கிடைக்காதவர்கள் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, காரிலேயே தூங்குகிறார்கள். நல்ல கன்வெர்ட்டர் சூடாக இருக்கும்வரை ஐடிலில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. அது இல்லாத வண்டியில், ஒட்டு விட்ட வெல்டிங் காலடியிலேயே கசிந்தால், நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு உள்ளே ஏறும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலைவலியைப் பயணக் களைப்பு என்று நினைத்துத் தூங்கியவர் எழாமல் போகலாம். கன்வெர்ட்டர் இருந்தாலும் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கக்கூடாது; இல்லாத வண்டியில் அது தற்கொலை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மாசு, சத்தம் தொடர்பான 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. சோதனைதான் பலவீனம். புகைச் சான்றிதழுக்காகப் பெட்ரோல் வண்டியில் அளப்பது கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும். அதையும் நிற்கும் வண்டியில். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதுதான் அது அதிகம் பிறக்கும் என்பதால், புளியரையில் கக்குவதைத் தென்காசிப் புகை நிலையத்தின் குழாய் ஒருபோதும் பார்க்காது.

ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்திப் பாருங்கள். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள், அல்லது அந்தச் சோதனையை அணைத்திருக்கிறார்கள். அடுத்து ஸ்கேனர் மாட்டி, வண்டி சூடான பிறகு பின்சென்சாரின் வோல்ட் அமைதியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குனிந்து, குழாயில் புது வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். இருந்தால், கன்வெர்ட்டரின் விலையைக் காரின் விலையில் கழித்துப் பேசலாம். அதைக் கழற்ற வைத்த பழுது என்ன என்பதற்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், வேறு கார் பார்ப்பது நல்லது.